கணக்கில் வராத அடி

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையோரத் தறிச் செட் ஒன்றில் ஏழாம் நம்பர் தறியை ஓட்டிக்கொண்டிருந்த ஐம்பத்தொரு வயது நஸ்ருதீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

பக்கத்துத் தறிக்காரர் சங்கரலிங்கம் முதலில் நஸ்ருதீனுடைய தறியை நிறுத்தினார். பிறகு தன் தறியை நிறுத்தினார். அதன் பிறகுதான் ஆளைத் தூக்கினார். ஆளில்லாமல் ஓடும் தறி பாவு நூலை அறுத்துவிடும் என்பது கைக்குப் பழகிய பயம். அதற்கு மூளையைக் கேட்கத் தேவையில்லை.

நஸ்ருதீனின் மனைவி நூர்பானுவுக்குச் சங்கரலிங்கத்தின் போன் வந்தபோது அவள் பள்ளிவாசல் தெரு வீட்டில் பேண்டேஜ் உருட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் நெய்கிற துணிதான் வெளுத்து, வெட்டி, மூட்டையாக அவளிடம் வரும். அதை இறுக்கமாக உருட்டி, நீலத்தாள் சுற்றிக் கொடுக்க வேண்டும்.

"தாயி, பாயிக்கு மூச்சு முட்டுது. நூத்தியெட்டு வண்டியில வில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். நீ பதறாத, ஆனா ஓடியா."

அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். முக்குத் திரும்பினால் அண்ணன் பாரூக்கின் செருப்புக் கடை. அவன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தான். தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கே மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்தது. நாலுவழிச் சாலைக்காகத் தோண்டிய மண் சேறாகி ரோட்டில் வழிந்து, லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. பாரூக் லாரிகளுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் புகுந்து ஓட்டினான்.

"நெஞ்சு வலின்னா மதுரைதான் நூரு. அங்க போயிரணும்."

"மொதல்ல அவியளக் கண்ணால பாக்க விடுண்ணே."

"பாத்துட்டு ஒடனே மதுரை. நான் சொல்லிட்டேன்."

"நீ ரோட்டப் பாரு."

நஸ்ருதீன் அவசரப் பிரிவில் சாய்ந்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். சட்டை கழற்றியிருந்தது. நெஞ்சு முடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. வேர்வை வழிந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். நூர்பானுவைப் பார்த்ததும் குழாயைக் கொஞ்சம் விலக்கினார்.

"அடுப்ப அணைச்சியா?"

"அணைச்சேன்."

"அணைச்சிருக்க மாட்டே."

அவள் உண்மையில் அணைக்கவில்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாரூக் வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டான்.

பணியில் இருந்த டாக்டர் பியூலா நாகர்கோவில் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கலாம். கையில் இ.சி.ஜி. தாள் நீளமாகத் தொங்கியது. நடக்கும்போதே பேசுவார்.

"நீங்கதான் வீட்டுக்காரங்களா? இங்க வாங்க. மாரடைப்பு. இதயத்துக்குப் போற ரத்தக் குழாய் ஒண்ணு ரத்தக் கட்டியால அடைச்சிருக்கு. மாத்திரை குடுத்தாச்சு. அடுத்தது என்ன செய்யணும்னு இப்பவே முடிவு பண்ணணும். யோசிக்க ரொம்ப நேரம் இல்ல, ஆனா யோசிக்காமயும் சொல்லாதீங்க."

"சொல்லுங்கம்மா."

"ரெண்டு வழி. ஒண்ணு, இங்கயே ஊசி. அது கட்டியக் கரைக்கும். பத்துப் பேருக்குப் போட்டா ஆறேழு பேருக்கு அடைப்பு விடும். இன்னொண்ணு மதுரை. அங்க கை நரம்பு வழியாக் கம்பி விட்டு அடைப்ப எடுப்பாங்க. அதுதான் ஒசந்த வைத்தியம். ஆனா போய்ச் சேரணும். போற நேரம் பூராவும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாச் செத்துக்கிட்டே இருக்கும். இன்னைக்கு ரோடு எப்படி இருக்குன்னு நீங்களே பாத்திருப்பீங்க."

"மதுரைதான்," என்றான் பாரூக்.

நூர்பானு அவனைப் பார்க்கவில்லை. "ஊசியில கெடுதல் என்னம்மா?"

டாக்டர் ஒரு கணம் நின்றார். "நூறு பேருக்குப் போட்டா ஒருத்தருக்குத் தலைக்குள்ள ரத்தம் கசியும். கட்டியக் கரைக்கிற மருந்து ஒடம்புல எங்க காயம் இருந்தாலும் அங்கயும் வேலை செய்யும். தலைக்குள்ள கசிஞ்சா பொழைக்க வைக்கிறது ரொம்பக் கஷ்டம்."

நூற்றில் ஒன்று. நூர்பானு பேண்டேஜ் கணக்கில் யோசித்தாள். நூறு உருளை கொடுத்தால், பிசிறு, அளவுப் பிசகு என்று நாலைந்தைக் கழித்துவிடுவார்கள். ஒன்றே ஒன்று கழிந்தால் அன்றைக்கு அது நல்ல சரக்கு. மதுரை ரோட்டை நினைத்தாள். இப்போது வந்த ரோடு அதில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குள்ளேயே இடுப்பு கழன்றுவிட்டது.

"ஊசியே போடுங்கம்மா."

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? ஒசந்த வைத்தியம் அங்கன்னு அவுகளே சொல்றாக."

"போய்ச் சேந்தாத்தான ஒசத்தி? போற வழியிலயே எல்லாம் செத்துப்போச்சுன்னா அங்க போயி என்னத்தத் தொறக்க?"

"செருப்பு வாங்குனாக்கூட நாலு கடை பாக்குறவ நீ."

"செருப்புக்கு நேரம் இருக்கு."

கையெழுத்துப் போட்டாள். டாக்டர் கட்டிலருகே வந்து மளமளவென்று கேள்விகளைக் கேட்டார். வயிற்றில் புண் உண்டா, ரத்த வாந்தி, கை கால் விளங்காமல் போனது, ஆபரேஷன் ஏதாவது. இல்லை, இல்லை, இல்லை.

"சமீபத்துல தலையில அடி? கீழ விழுந்தது, வண்டியில மோதுனது?"

"அடியெல்லாம் வீட்டுக்குள்ளதான் டாக்டர்," என்றார் நஸ்ருதீன். வலியிலும் வாய் கோணிச் சிரித்தார்.

"பாயி வம்பு தும்புக்குப் போற ஆளில்லம்மா," என்றார் சங்கரலிங்கம்.

"அடி ஒண்ணும் படலம்மா," என்றாள் நூர்பானு.

டாக்டர் ஊசியைத் தயார் செய்யச் சொல்லி நர்ஸிடம் சொன்னார். இவர்கள் மூவரையும் வராந்தாவுக்கு அனுப்பினார்கள்.

வராந்தாவில் ஈரச் செருப்புகளின் நாற்றம். பெஞ்சில் நஸ்ருதீனின் தூக்குவாளி இருந்தது. ஆம்புலன்ஸில் ஏறும்போது சங்கரலிங்கம் அதையும் எடுத்து வந்திருந்தார். நூர்பானு மூடியைத் திறந்தாள். காலையில் அவள் கொடுத்துவிட்ட இடியாப்பமும் கறிச்சாறும் அப்படியே இருந்தன.

"சாப்பிடவே இல்லயாண்ணே?"

"நெஞ்சு கரிக்குதுன்னாரு. ஓமத்தண்ணி குடிச்சாரு. நீ ஒரு வாய் தின்னு தாயி. மொகம் வெளுத்துக் கெடக்கு."

"எறங்குமாண்ணே?"

பாரூக் சுவரில் சாய்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கோபம் தீரவில்லை. சங்கரலிங்கம் அவள் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். தேறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"ஒண்ணும் ஆகாது தாயி. பாயி ஒடம்பு இரும்பு. மெய்யாத்தான் சொல்றேன். புரட்டாசிக் கடைசியில அந்த ஏழாம் நம்பர் சனியன்ல நாடா பறந்து மண்டையில அடிச்சுதே, வேற ஆளுன்னா அன்னைக்கே போயிருப்பான். இவரு செத்த நேரம் பேச்சு மூச்சில்லாமக் கெடந்தாரு, தண்ணியத் தெளிச்சோம், எந்திரிச்சு உக்காந்தாரு. தறியில இருந்த துணியவே கிழிச்சுக் கட்டிக்கிட்டு அந்த ஷிப்ட ஓட்டி முடிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு. அந்த அடியே அவர ஒண்ணுஞ் செய்யல."

நூர்பானுவுக்கு அந்த இரவு தெரியும். தலையில் கட்டோடு வந்தார். என்ன என்று கேட்டாள். நாடா தட்டிருச்சு என்றார். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. எந்தத் தறிக்காரன் வீட்டிலும் கேட்க மாட்டார்கள். நூல் சுற்றிய தார்க் குழலை வயிற்றில் வைத்துக்கொண்டு பாவுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்கிற கட்டைதான் நாடா. இரண்டு முனையிலும் இரும்புக் கூர். எப்போதாவது தடம் மாறிப் பறக்கும். பறந்தால் அது தறியைச் சரியாகக் கட்டாதவன் குற்றம். ஆகவே பட்டவன் வெளியே சொல்லமாட்டான். சொன்னால் செட்டே சிரிக்கும். நெற்றியிலும் கன்னத்திலும் தழும்பில்லாத தறிக்காரன் ராஜபாளையத்தில் கிடையாது. அதை யாரும் அடி என்று கணக்கில் வைத்ததில்லை. அடி என்றால் லாரி மோத வேண்டும், மாடியிலிருந்து விழ வேண்டும், யாராவது கம்பெடுத்து அடிக்க வேண்டும்.

ஆனால் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது அவளுக்குப் புதிது.

"என்னண்ணே சொன்ன? கெடந்தாகளா?"

"செத்த நேரந்தான். ஒன்கிட்டச் சொல்ல வேணாம்னு பாயி சத்தியம் வாங்குனாரு. இப்ப என்ன, அது முடிஞ்சு போன கதை..."

எங்கே காயம் இருந்தாலும் அங்கேயும் வேலை செய்யும் என்று டாக்டர் சொன்னது அவள் காதுக்குள் திரும்ப ஓடியது. தூக்குவாளி மடியிலிருந்து உருண்டது. கறிச்சாறு தரையில் வழிய, அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

நர்ஸ் கையிலிருந்த ஊசியில் மருந்து ஏற்றியிருந்தது. நஸ்ருதீனின் முழங்கையில் குழாய் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"போடாதீக. போடாதீக. தலையில பட்டிருக்கு."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கையை உயர்த்தினார். நர்ஸின் கை நின்றது.

"என்ன பட்டிருக்கு?"

"நாடா. தறி நாடா. ஒரு மாசம் ஆகப் போகுது. மயக்கமாக் கெடந்திருக்காக. இப்பத்தான் இந்த அண்ணன் சொல்றாக."

நஸ்ருதீன் குழாயை விலக்கினார். "ஏலே சங்கரலிங்கம், சொல்லாதன்னு சொன்னனா இல்லயா?"

"நான் ஒன்னய ஒசத்தியாத்தான பாயி சொன்னேன்."

டாக்டர் சங்கரலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரம் மயக்கம்?"

"ஒரு தார் தீருற நேரம் இருக்கும்மா."

"அது எவ்வளவு?"

"அந்த நூலுக்கு அஞ்சு நிமிசம் ஓடும்."

டாக்டர் நஸ்ருதீனின் முடியை விலக்கிப் பார்த்தார். இடது காதுக்கு மேலே, முடிக்குள், தையல் போடாமல் தானாகக் கூடிய தழும்பு. விரல் நீளம். "தலைவலி இருந்துதா இந்த மாசத்துல?"

நஸ்ருதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நூர்பானு பேசினாள். "ராத்திரி லைட்ட அணைன்னு கத்துவாக. கண்ணாடிப் பவர் ஏறியிருக்கும்னு நெனச்சேன். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டாக."

"ஊசி வேண்டாம்," என்றார் டாக்டர். நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அங்கேயே நின்று மதுரைக்குப் போன் போட்டார். பேசிக்கொண்டே ஒரு கையால் ஸ்கேன் அறைக்கு ஆளை அனுப்பினார், இன்னொரு ஆளிடம் ஆம்புலன்ஸைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். சட்டென்று அந்த அறை முழுவதும் ஓட்டமாகிவிட்டது. கட்டில் சக்கரம் ஒன்று கிறீச்சிட, நஸ்ருதீனை வராந்தா வழியாகத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சங்கரலிங்கம் சிந்திய கறிச்சாற்றைத் தன் துண்டால் துடைத்துச் சக்கரத்துக்கு வழி விட்டார்.

ஸ்கேன் படம் வந்ததும் டாக்டர் அதைக் கண்ணாடி விளக்கில் வைத்துக் காட்டினார். மண்டையோட்டின் உள்பக்கம் பிறைபோல ஒரு நிழல்.

"பழைய ரத்தம். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல நிக்குது. இவ்வளவு நாளாக் கொஞ்சம் கொஞ்சமாச் சேந்திருக்கு. ஊசி போட்டிருந்தா இது பெருகியிருக்கும். இனி அந்த நூத்துல ஒண்ணு கணக்கு இவருக்குச் செல்லாது."

நூர்பானு படத்திலிருந்து டாக்டரிடம் திரும்பினாள். நீங்க கேட்டப்ப இல்லைன்னு சொல்லிட்டேனே என்று ஆரம்பித்தாள். டாக்டர் விடவில்லை.

"அதப் பொறவு பேசலாம். நானும் இனிமே தறிக்காரங்ககிட்ட நாடான்னே கேக்கணும். இப்ப இதக் கேளுங்க. மறுபடி ரெண்டு வழி. மதுரைக்குப் போனா கம்பி விட்டு அடைப்ப எடுக்கலாம். அதுக்கும் ரத்தம் உறையாம இருக்க மருந்து கொஞ்சம் வேணும், தலைக்கு அது ஆபத்துதான். ஆனா அளவா, கைக்குள்ள வச்சுச் செய்யலாம்னு அங்க உள்ளவர் சொல்றார். தலை டாக்டரும் கூட நிப்பார். இன்னொண்ணு, இங்கயே வச்சு மாத்திரையோட பாக்குறது. தலைக்கு அது பத்திரம். இதயம் நிறைய போயிரும். இன்னைக்கே நின்னாலும் நிக்கலாம்."

"வழியில நின்னா?"

"வண்டியில ஷாக் குடுக்குற மிஷின் இருக்கு. தெரிஞ்ச ஆளும் இருக்கார்."

பாரூக்கின் முகம் இப்போது வேறாக இருந்தது. மிஷின் என்ற சொல் அவனைத் தாக்கியிருந்தது. "இங்கயே வச்சுப் பாப்போம் நூரு. ரோட்டுல வச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, சப்ரீனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" சப்ரீன் அவர்களுடைய ஒரே மகள். கடையநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அங்கிருந்து பஸ் ஏறியிருந்தாள்.

"காலையில நீதானண்ணே மதுரை மதுரைன்ன?"

"காலையில எனக்குத் தெரியலட்டி."

"இப்ப எனக்கும் தெரியல." நூர்பானு டாக்டரைப் பார்த்தாள். "அவியகிட்டக் கேட்டீங்களாம்மா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லாம் அவர் தலைக்கு மேலேயே பேசப்பட்டது. டாக்டர் கட்டிலுக்குக் குனிந்து முதலிலிருந்து சொன்னார், எதையும் குறைக்காமல், சாவு என்ற சொல்லையும் விடாமல். நஸ்ருதீன் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் நூர்பானுவைத் தேடினார்.

"நீ என்ன சொல்ற?"

"காலையில நான் சொன்னது ஒங்களக் கொன்னிருக்கும். நீங்களே சொல்லுங்க."

"நூல் அறுந்தா ஓட்டத்த நிறுத்திட்டு முடி போட்டுத்தான் ஆகணும். அறுந்தபடி எம்புட்டு நேரம் ஓட்டுறது?" மூச்சு வாங்கினார். "மதுரைக்கே போவோம். கல்யாணம் முடிஞ்ச வருசம் கூட்டிட்டுப் போனது. பொறவு எங்க போனோம் நாம?"

"பேச்சப் பாரு," என்றாள் நூர்பானு. அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆம்புலன்ஸில் பின்னால் நூர்பானுவும், பேச்சிமுத்து என்ற மருத்துவ உதவியாளரும் ஏறினார்கள். பேச்சிமுத்து மகாராஜபுரத்துக்காரர், ஒல்லி, வாயில் எப்போதும் பேச்சு. பாரூக் பைக்கில் பின்தொடர்வதாகச் சொன்னான். சங்கரலிங்கம் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். பன்னும் வாழைப்பழமும்.

"தாயி, நீ தின்னு. பாயிக்குக் குடுத்துராத."

கிருஷ்ணன்கோவில் வரை மழை. சைரன் சத்தத்தில் லாரிகள் ஒதுங்கின. ஒதுங்க இடமில்லாத இடத்தில் டிரைவர் தோண்டிய மண்மேல் ஏற்றி இறக்கினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நூர்பானு புருஷனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே நிற்கிற அந்தப் பிறை தளும்பிவிடும் என்று அவளுக்குப் பயம்.

"தலைய விடுங்கக்கா, அது ஒண்ணும் கொடத்துத் தண்ணி இல்ல," என்றார் பேச்சிமுத்து. "கையப் பிடிச்சுக்கோங்க. பாய், பேசிக்கிட்டே வாங்க. பேண்டேஜ் துணிதான் நெய்றீங்களாமே?"

"நீ இப்ப சுத்திவச்சிருக்கியே, என் கையில," என்றார் நஸ்ருதீன். "அது நெருக்கம் கம்மி. எங்க செட்டுச் சரக்கு இல்ல."

கல்லுப்பட்டி தாண்டியதும் பேச்சு நின்றது. நூர்பானு பிடித்திருந்த கை கனத்தது. ஷாக் மிஷினின் திரையில் ஏறி இறங்கி ஓடிய கோடு, சிக்கு விழுந்த நூல்போலக் குழம்பியது. பேச்சிமுத்து டிரைவரிடம் ஓரங்கட்டச் சொல்லிக் கத்தினார். நெஞ்சில் ஒட்டியிருந்த இரண்டு பட்டைகளையும் அழுத்திப் பார்த்தார்.

"கைய எடுங்கக்கா. எடுங்க. ஒடம்புல படக்கூடாது."

அவள் கையை எடுத்தாள். எடுக்க வேண்டியிருந்ததுதான் அந்த நாளிலேயே கடினமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள். நஸ்ருதீனின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. பேச்சிமுத்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். வாய் மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தது. கூரையில் மழை அடித்தது. பிறகு திரையில் கோடு நடுங்கி, ஒரு மேடு, ஒரு பள்ளம், இன்னொரு மேடு என்று எழுந்தது.

நஸ்ருதீன் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார்.

"எவம்லே நெஞ்சுல மிதிச்சது?"

"நான்தான் பாய்," என்றார் பேச்சிமுத்து. அவர் முகம் முழுவதும் வேர்வை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "வண்டிய எடுண்ணே, எடு, எடு."

திருமங்கலத்தில் ரயில்வே கேட் திறந்திருந்தது. மதுரை ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு டாக்டர்கள் காத்திருந்தார்கள். கதவு மூடும்போது நூர்பானு அவர்களிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தலையில அடி பட்டிருக்குய்யா. நாடா அடி."

அடைப்பை உறிஞ்சி எடுத்தார்கள். பலூன் மட்டும் விட்டு, ஸ்டென்ட் வைப்பதைத் தள்ளிப்போட்டார்கள். தலைக்குள் நின்ற ரத்தத்தை டிசம்பர் கடைசியில் சிறு துளையிட்டு எடுத்தார்கள். பிப்ரவரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதயம் முன்புபோல இல்லை. மாடிப்படி ஏறினால் நஸ்ருதீனுக்கு மூச்சு வாங்குகிறது. இப்போது அதே செட்டில் உட்கார்ந்து தார் சுற்றுகிறார். ஏழாம் நம்பர் தறியைச் சங்கரலிங்கம் ஓட்டுகிறார். அதற்கு நாடா தடுப்புக் கம்பி மாட்டியிருக்கிறார்கள்.